அணுவா, காற்றா? சரக்குக் கப்பல் சொல்லும் பாடம்

மலாக்கா துறைமுகம் செழித்திருந்த காலத்தில் வணிகர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்கினார்கள். காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றோடு இந்தியாவிலிருந்து வந்த மரக்கலங்கள், ஊர் திரும்ப வடகிழக்குப் பருவக்காற்று எழும்வரை காத்திருக்க வேண்டும். காற்றுக்குக் காசு கிடையாது. ஆனால் வணிகனின் அவசரத்திற்கு அது வீசாது.

நீராவி இயந்திரமும், 1869-இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயும், பின்னர் வந்த டீசலும் அந்தக் காத்திருப்புக்கு முடிவு கட்டின. அதற்குக் கொடுத்த விலை இன்று வானில் தெரிகிறது. 2018-ஆம் ஆண்டில் மனிதர்கள் வெளியேற்றிய பசுமைக்குடில் வாயுக்களில் ஏறக்குறைய 3 விழுக்காடு கப்பல்களிலிருந்து வந்தது. 2050-ஆம் ஆண்டு வாக்கில் அதை நிகர சுழியத்திற்குக் கொண்டுவர அனைத்துலகக் கடல்துறை அமைப்பு 2023-இல் இலக்கு வகுத்தது.

சிங்கப்பூருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. உலகில் கப்பல்களுக்கு மிக அதிகமாக எரிபொருள் விற்கும் துறைமுகம் அதுதான். 2024-இல் மட்டும் சுமார் 5 கோடியே 49 லட்சம் டன் அங்கு விற்பனையானது. நாளை கப்பல்கள் எதனால் ஓடும் என்பது, அந்தத் துறைமுகத்தை நம்பி வாழும் எல்லாருடைய பிழைப்பையும் தொட்ட கேள்வி.

எண்ணெய்க்கு மாற்றாக அணுசக்தியைச் சிலர் முன்வைக்கிறார்கள். காற்றைச் சிலர் முன்வைக்கிறார்கள். இரண்டுமே புதியவை அல்ல. இரண்டும் முன்பே கடலில் ஓடி, பின்னர் ஓரங்கட்டப்பட்டவை. ஏன் என்பதை அறிவது அவசியம்.

இரண்டு சவன்னாக்கள்

1819-இல் சவன்னா என்ற அமெரிக்கக் கப்பல் அட்லாண்டிக் கடலைக் கடந்தது. நீராவி இயந்திரம் பொருத்திய கப்பல் ஒன்று அப்பெருங்கடலைக் கடந்தது அதுவே முதல்முறை. ஆனால் 29 நாள் பயணத்தில் இயந்திரம் ஓடியது ஏறத்தாழ 80 மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் பாய்தான் கை கொடுத்தது. இலாபம் இல்லாததால் பிறகு இயந்திரத்தையே கழற்றிவிட்டார்கள்.

அதே பெயரில் 1959-இல் இன்னொரு கப்பல் கடலில் இறக்கப்பட்டது. அணுசக்தியை ஆக்கத்திற்குப் பயன்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்ட அதிபர் ஐசன்ஹோவர் விரும்பினார். அதன் விளைவே உலகின் முதல் அணுசக்தி வணிகக் கப்பலான என்.எஸ். சவன்னா. கட்டுமானச் செலவு சுமார் 4 கோடியே 70 லட்சம் டாலர். அதில் பாதிக்கு மேல் அணு உலைக்கும் அதன் எரிபொருளுக்கும் போனது.

உலை நன்றாகவே வேலை செய்தது. நாலரை லட்சம் கடல் மைல் பயணத்திற்குச் செலவானது ஏறத்தாழ 74 கிலோ யுரேனியம். எண்ணெயில் ஓடியிருந்தால் 10 கோடி லிட்டருக்கு மேல் எரிந்திருக்கும். ஆனால் அதன் கூரிய முன்பகுதியில் சரக்கு ஏற்றுவது சிரமமாக இருந்தது. பயிற்சி பெற்ற பொறியாளர்களின் சம்பளத் தகராறில் 1963-இல் கப்பலே நின்றது. சாதாரணக் கப்பலைவிட ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் கூடுதல் மானியம் தேவைப்பட்டது. செலவு கட்டுப்படியாகவில்லை என்று 1971-இல் சேவையை நிறுத்தினார்கள். அப்போது கப்பல் எண்ணெய் டன் 20 டாலர் அளவில் இருந்தது. மூன்றே ஆண்டுகளில், எண்ணெய் நெருக்கடியால் அது 80 டாலரானது!

கதவடைத்த துறைமுகங்கள்

ஜெர்மனியின் ஆட்டோ ஹான் 1968 முதல் 1979 வரை அணுசக்தியில் சுமார் ஆறரை லட்சம் கடல் மைல் ஓடியது. உலை ஏமாற்றவில்லை. ஆனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் தனித்தனியே அனுமதி பெற வேண்டியிருந்தது. சூயஸ் கால்வாய் அதற்குத் திறக்கவே இல்லை. இறுதியில் உலையை அகற்றிவிட்டு டீசல் இயந்திரம் பொருத்தினார்கள்.

ஜப்பானின் மூட்சு பட்ட பாடு இன்னும் பெரிது. 1974-இல் நடுக்கடலில் உலையை இயக்கிப் பார்த்தபோது, தடுப்புக் கவசத்தின் குறையால் சிறிதளவு கதிர்வீச்சு கசிந்தது. கசிவு சிறிது, அச்சம் பெரிது. தங்கள் மீனையும் சிப்பியையும் இனி யார் வாங்குவார்கள் என்று அஞ்சிய மீனவர்கள், கப்பலைத் தாய்த் துறைமுகத்திற்குள் விடவில்லை. 50 நாட்களுக்கு மேல் அது கடலிலேயே நின்றது. கடைசிவரை வணிகச் சரக்கே ஏற்றாமல் மூட்சு ஓய்வு பெற்றது.

1988-இல் வந்த சோவியத் கப்பலான செவ்மோர்புத், வடதுருவக் கடலில் நீண்ட காலம் ஓடியது. ஆனால் அதற்கும் 1989-இல் தூரகிழக்குத் துறைமுகங்களில் மக்கள் எதிர்ப்புக் காத்திருந்தது.

காற்றின் மறுவருகை

காற்றின் கதை வேறு. ஜெர்மானியர் ஆன்டன் பிளெட்னர், பாய்க்குப் பதிலாகச் சுழலும் நெடிய உருளைகளைக் கப்பலில் நிறுத்தினார். சுழலும் உருளையின் ஒரு பக்கம் காற்று விரைந்தும் மறுபக்கம் மெதுவாகவும் செல்லும். அந்த அழுத்த வேறுபாடு கப்பலை உந்தும். 1926-இல் அத்தகைய கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் சேர்ந்தது. தொழில்நுட்பம் வென்றது, மலிவான எண்ணெயிடம் தோற்றது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1980-இல் ஜப்பான் கணினி இயக்கும் பாய்களோடு ஷின் ஐடோகு மாரு என்ற கப்பலைக் கட்டியது. 1986-இல் எண்ணெய் விலை சரிந்ததும் அந்த ஆர்வமும் சரிந்தது.

இப்போது காற்று மூன்றாம் முறையாக வந்திருக்கிறது. 37.5 மீட்டர் உயர இறக்கைகள் இரண்டு பொருத்திய பிக்சிஸ் ஓஷன், 2023-இல் சீனாவிலிருந்து பிரேசிலுக்குப் புறப்பட்டது. முதல் ஆறு மாதங்களில் சராசரியாக நாளுக்கு 3 டன் எரிபொருளை, அதாவது சுமார் 14 விழுக்காட்டை, அது மிச்சப்படுத்தியது.

எது தடை?

14 விழுக்காடு நல்ல தொடக்கம். ஆனால் சுழியம் அல்ல. பெரிய சரக்குக் கப்பலின் முழுப் பாரத்தையும் காற்று மட்டுமே சுமக்க இயலாது. அணுவால் இயலும். ஆனால் விபத்து நேர்ந்தால் இழப்பீடு யார் தருவது? அதற்காக 1962-இல் பிரஸ்ஸல்ஸில் உருவான உடன்படிக்கை நடப்புக்கே வரவில்லை. அணுசக்தி வணிகக் கப்பல்களுக்கான பாதுகாப்பு விதிகள் 1981-இல் எழுதப்பட்டவை. அவற்றைத் திருத்துவது என்றே 2025-இல்தான் முடிவெடுக்கப்பட்டது.

ஆக, இரண்டையும் வீழ்த்தியது இயந்திரக் கோளாறு மட்டுமல்ல. அணுவைத் துறைமுகங்களின் அச்சம் நிறுத்தியது. காற்றை எண்ணெயின் மலிவு நிறுத்தியது. அச்சத்தைப் போக்க நம்பிக்கை தரும் விதிகள் வேண்டும். மலிவை வெல்ல, புகைக்கும் ஒரு விலை வேண்டும். அந்த விலையை விதிக்கும் திட்டத்தின் மீதான முடிவை, அனைத்துலகக் கடல்துறை அமைப்பின் உறுப்பு நாடுகள் 2025 அக்டோபரில் ஓராண்டு ஒத்திவைத்தன.

அதே அக்டோபரில் பிரான்சிலிருந்து நியோலைனர் ஒரிஜின் என்ற பாய்மரச் சரக்குக் கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் பால்டிமோர் சேர்ந்தது. உலை அணைந்த சவன்னாவை 2008-இல் கொண்டுபோய் நிறுத்தியதும் அதே பால்டிமோரில்தான். அன்று மலாக்காவில் வணிகர்கள் காற்று திரும்பக் காத்திருந்தார்கள். இன்று கப்பல்கள் காத்திருப்பது, மனிதர்கள் மனம் திரும்புவதற்காக!