லைசென்ஸும் நரைத்த தலையும்: ஒரு நம்பர் பிளேட்டின் கதை

ஆரோவில் பக்கம் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். குயிலாப்பாளையம் சாலையில் நரைத்த தலைகள் மொபெட்டில் போய்க்கொண்டிருக்கும். 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கியபோது இருபது வயதில் வந்தவருக்கு இன்று எழுபத்தைந்து தாண்டிவிட்டது. அவருக்கும், மரக்காணம் உப்பளத்துக்கு வண்டியில் போகும் தாத்தாவுக்கும் லைசென்ஸ் புதுப்பிக்க ஒரே சட்டம்தான். அது எப்படி வந்தது என்று பார்ப்போமா?

1914-ல் வந்த இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர் பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டக்கூடாது என்றது. கீழே வரம்பு வைத்தார்கள், மேலே வைக்கவில்லை. இன்றைக்கும் மேல் வரம்பு கிடையாது!

உடம்பைப் பற்றிய விரிவான பட்டியல் 1939 சட்டத்தில் வந்தது. வலிப்பு, மயக்கம் வரவழைக்கும் இதய நோய், காது கேளாமை, மாலைக்கண் என்று போகும் அந்தப் பட்டியல். கண்ணுக்கு ஒரு சோதனையும் உண்டு: நல்ல பகல் வெளிச்சத்தில், தேவையானால் கண்ணாடி போட்டுக்கொண்டு, 25 கெஜம் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட் தெரியவேண்டும்.

அடுத்தது 1988 சட்டம். 1989 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. நாற்பது வயதானவர் சொந்த வண்டிக்கான லைசென்ஸைப் புதுப்பிக்கவும் மருத்துவச் சான்றிதழ் தரவேண்டும் என்றது. படிவம் 1-ல் நாமே கையெழுத்துப் போடவேண்டும், 1ஏ-யில் டாக்டர் போடவேண்டும். கண் சோதனை? 25 கெஜம் 25 மீட்டர் ஆனது, அவ்வளவுதான். கேள்வி அதேதான்.

2019 திருத்தம் 55 தாண்டியவர்களுக்கு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கச் சொல்கிறது. அதற்கு முன் 50 வயதுக்காரர் 55-லேயே திரும்ப வரவேண்டும். இப்போது 60 வரை வரவேண்டாம். அதாவது இடைவெளி கூடியிருக்கிறது.

என் சந்தேகம் இதுதான். வயதானவர் கண்ணுக்குச் சிக்கல் பகலில் மட்டுமா? கண்புரை இருந்தால், இருட்டியபின் ஈ.சி.ஆரில் எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் கண்ணைக் கூசவைக்கும். படிவத்தில் மாலைக்கண் பற்றிக் கேட்கிறார்கள், இந்தக் கூச்சத்தைக் கேட்பதில்லை. மறதிக்கும் தனிக் கேள்வி இல்லை. படிவம் 1-ல் உண்மையைச் சொன்னால் நஷ்டம் சொன்னவருக்கே. வண்டி போனால் ஜிப்மருக்கு எப்படிப் போவது?

ஜப்பானில் 1998 முதல் லைசென்ஸைத் தானாகவே திருப்பிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தவர்களுக்குப் பல ஊர்களில் பஸ், டாக்ஸி கட்டணச் சலுகை உண்டு. 75 வயதானவர்களுக்கு 2009 முதல் ஞாபக சக்திச் சோதனையும் வைத்தார்கள். சோதனையைக் கடுமையாக்கினார்கள், இறங்கியவருக்கு வேறு வழியும் காட்டினார்கள்.

வயதைக் காரணம் காட்டி யாரையும் இறக்கிவிடக்கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். நன்றாகப் பார்க்கும் எண்பது வயதுக்காரரும் உண்டு, பார்க்காத ஐம்பதும் உண்டு. ஆனால் 1939-ன் கேள்வியை இன்றைய சாலைக்கு மாற்றி எழுதலாமே. கூடவே கிராமத்துக்கு ஒரு மினிபஸ் விட்டால், தாத்தாவும் உண்மையைத் தைரியமாக எழுதுவார். என்ன சொல்கிறீர்கள் நண்பர்களே?