வெட்சிக்குப் பின் கரந்தை

பேகம்பூரில் மாலைத் தேநீருக்கு நான் ஒதுங்கும் கடையில் அண்மையில் ஒரு பழைய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது. "சேத்ரி அடிச்சது களவாணித்தனம் மாப்ள" என்றார் ஓர் இளைஞர். "ரூல்ல இருக்குடா, அப்புறம் எப்படிக் களவாகும்?" என்றார் மற்றவர். தேநீர் ஆறிப்போனது, வழக்கு முடியவில்லை. தமிழ் கற்பிக்கும் எனக்கோ அந்தக் 'களவு' என்ற சொல் வேறொரு கதவைத் திறந்துவிட்டது.

நிகழ்ந்தது இதுதான். 2023 மார்ச் 3ஆம் நாள், பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் நாக் அவுட் ஆட்டம். பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் 90 நிமிடங்களில் கோல் எதுவும் அடிக்காததால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. 96ஆம் நிமிடத்தில் பெங்களூருக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரளத்தின் கோல்கீப்பர் தடுப்புச் சுவரை ஒழுங்கு செய்துகொண்டிருந்தபோதே சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் அதனை கோல் என அறிவித்தார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் வீரர்களை வெளியே அழைத்துக்கொண்டார். அவர்கள் திரும்பவே இல்லை. வெற்றி பெங்களூருக்கே வழங்கப்பட்டது.

கால்பந்து விதி இதில் இரு வழிகளை வைத்திருக்கிறது. அடிக்கும் அணி எதிரணியின் 9.15 மீட்டர் விலகலைக் கோராமல் விரைந்து அடித்துவிடலாம், விசில் தேவையில்லை. விலகலைக் கோரிவிட்டாலோ விசில் ஒலித்த பின்னரே அடிக்க வேண்டும். தமக்குச் சுவரும் வேண்டாம், விசிலும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டதாகச் சேத்ரி கூறினார். விசில் ஒலித்திருக்க வேண்டும் என்பது கேரளத்தின் வாதம். ஆக, சண்டை கோலைப் பற்றியதன்று; அறிவிப்பைப் பற்றியது.

அறிவித்துவிட்டு அடிப்பதா, அறிவிக்காமல் அடிப்பதா என்னும் இக்கேள்வி நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 9ஆம் பாடலில் நெட்டிமையார் பாடும் முதுகுடுமிப் பெருவழுதி, அம்பு விடுவதற்கு முன்பே பசுக்களையும் பெண்டிரையும் பிணியுடையோரையும் அரண் சேரச் சொல்கிறான். நாம் மேடைதோறும் பெருமையுடன் எடுத்துக்காட்டும் அறப்போர் இது. ஆனால் தொல்காப்பியத்தின் புறத்திணையியல் வேறொன்றையும் இலக்கணமாக்கி வைத்திருக்கிறது. வெட்சி என்பது பகைவர் நிலத்து ஆநிரையைக் களவினால் கவர்வது. அங்கே முன்னறிவிப்பு இல்லை. எனினும் அது வரம்பற்ற திருட்டும் அன்று. வேந்தனின் ஏவல் வேண்டும், கவர்ந்து வந்த நிரையைப் பேணவும் வேண்டும். களவுக்கும் ஒழுங்கு வகுத்தவர்கள் நம் முன்னோர்.

சேத்ரியின் கோலை நான் வெட்சி என்றே கொள்வேன். அவர் செய்தது விதி திறந்து வைத்திருந்த வாயிலில் நுழைந்ததே. வெட்சிக்கு மறுமொழியும் உண்டு. புறப்பொருள் வெண்பாமாலை அதனைக் கரந்தை எனத் தனித் திணையாகவே வகுக்கிறது: இழந்த நிரையைப் பின்தொடர்ந்து சென்று மீட்டல். கேரளத்துக்கு அன்று கூடுதல் நேரத்தில் இன்னும் 24 நிமிடங்கள் இருந்தன. அவர்கள் கரந்தை சூடவில்லை. களத்தை விட்டே வெளியேறினார்கள்.

இதற்காக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தது. ஆனால் வெளியேறும் துணிவை முதலில் வளர்த்தவர் யார் என்று கேட்டால், நாம் கொல்கத்தாவுக்குப் போக வேண்டும்.

2012 டிசம்பர் 9 அன்று சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பாகனும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. முதற்பாதியில் மோகன் பாகனின் ஒடாஃபா சிவப்பு அட்டை பெற்றார். பார்வையாளர் பகுதியில் கலவரம் மூண்டது. கல்லடி பட்டு அதே அணியின் ரஹீம் நபி காயமுற்றார். இரண்டாம் பாதிக்கு மோகன் பாகன் இறங்க மறுத்தது. கேரளத்தின் சினத்தைவிட இந்த அச்சம் நியாயமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஐ-லீக் விதிப்படி, டிசம்பர் 29இல் ஈராண்டுத் தடை அறிவிக்கப்பட்டது. 2013 ஜனவரி 15இல், மூன்று வாரம்கூட முடிவதற்குள், தடை நீங்கியது. 2 கோடி ரூபாய் அபராதமும், அதுவரை பெற்ற புள்ளிகளின் இழப்பும் போதுமெனக் கூட்டமைப்பு முடிவு செய்தது. 1889இல் தோன்றி, 1911இல் ஆங்கிலேயப் படையணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் பெற்ற கழகம் அது. அந்தப் பெருமைக்கு முன்னால் விதி வளைந்தது என்றே நான் வாசிக்கிறேன். அதே மோகன் பாகன்தான் 2014-15 ஐ-லீக் பட்டத்தையும் வென்றது.

களத்தில் ஒரு வீரன் விதியின் விளிம்பில் நின்று ஆடுவதை ஏமாற்று என்கிறோம். கூட்டமைப்பின் அறையில் விதியே வளைக்கப்படும்போது அதனைக் கருணை என்கிறோம். முன்னதற்கு அதே ஆட்டத்தில், அதே களத்தில் மறுமொழி உண்டு. பின்னதற்கு எந்தக் கரந்தையும் இல்லை. அவரவர் வலிமைக்கேற்ப விதி இளகும் என்று ஒருமுறை கண்டவர்கள், அடுத்த முறை விசிலுக்கும் காத்திருக்க மாட்டார்கள், தீர்ப்புக்கும் காத்திருக்க மாட்டார்கள்.

இதைக் கடையில் சொன்னேன். "அப்ப சேத்ரி களவாணி இல்லைங்கிறீங்க, சார்?" என்றார் முதல் இளைஞர், ஏமாற்றத்துடன். "களவுதான் தம்பி, ஆனால் இலக்கணம் உள்ள களவு" என்றேன். அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.