ரங்கூன் பல்கலைக்கழகத் தலைமைப் பதவி

யாங்கோனில் (ரங்கூன்), கமாயுத் பகுதியில் இன்யா ஏரியை ஒட்டியுள்ள பல்கலைக்கழகத்தை நடத்துபவர் வகிக்கும் பதவி. முதல்வர், ரெக்டர், துணைவேந்தர் என்று இதன் பெயரும் அதிகாரமும் காலந்தோறும் மாறின. இங்கே அமர்ந்தவர்கள் பின்னர் எங்கே போனார்கள் என்று பார்த்தால் இதன் வரலாறு நன்றாகத் துலங்கும்.

கல்கத்தா பல்கலைக்கழகத்தின் கீழிருந்த ரங்கூன் கல்லூரியும் பாப்டிஸ்ட் சபையாரின் ஜட்சன் கல்லூரியும் இணைந்து, 1920 டிசம்பரில் பல்கலைக்கழகம் பிறந்தது. அதற்கான சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் அதே மாதம் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். வேந்தர் பட்டம் ஆளுநருக்கு. அன்றாட ஆட்சி, பழைய ரங்கூன் கல்லூரியான யூனிவர்சிட்டி கல்லூரியின் முதல்வருக்கு.

அந்த முதல்வர்களில் டங்கன் ஸ்லாஸ் காலம் கொந்தளிப்பானது. நிர்வாகத்தைச் சாடிப் பேசிய மாணவர் சங்கத் தலைவர் நூ 1936-இல் நீக்கப்பட்டார். சங்க இதழில் வந்த கட்டுரையை எழுதியவர் பெயரைச் சொல்ல மறுத்த ஆசிரியர் ஆங் சானுக்கும் அதே கதி. பிப்ரவரியில் வேலைநிறுத்தம் வெடித்தது. மாணவர்கள் ஷ்வேடகோன் அடிவாரத்தில் முகாமிட்டார்கள். மறு ஆண்டு ஸ்லாஸ் ஹாங்காங் பல்கலைக்கழகத் துணைவேந்தராகி, ஜப்பானியரின் ஸ்டான்லி முகாமில் சிறையிருந்து, 1949 வரை அப்பதவியில் நீடித்தார். நூ 1948-இல் சுதந்திர பர்மாவின் முதல் பிரதமர். நீக்கியவரைவிட நீக்கப்பட்டவர்தான் உயரம் போனார்.

பாலி அறிஞர் பே மௌங் தின் அக்கல்லூரிக்கு முதல்வரான முதல் பர்மியர். போருக்குப் பின் 1946 முதல் 1958 வரை ரெக்டராக இருந்தவர் தின் ஆங். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு, லண்டன், டப்ளின் என்று சுற்றிப் படித்த சட்ட அறிஞர். ஆனால் பெயர் வாங்கித் தந்தவை பர்மிய நாடகம் பற்றிய நூலும் நாட்டுப்புறக் கதைகளும். பதவிக்குப் பின் இலங்கைக்குத் தூதராகப் போனார்; பிறகு அமெரிக்காவில் வருகைதரு பேராசிரியர். அடுத்து வந்த பொருளியலாளர் லா மின்ட் 1961-இல் விலகி, ஆக்ஸ்போர்டிலும் பின்னர் லண்டன் பொருளியல் பள்ளியிலும் கற்பித்தார்.

  

தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த 1962-இல், ஜூலை 7 அன்று படையினர் வளாகத்தில் மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் காலை சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1964-இல் மருத்துவம், பொறியியல், பொருளியல், கல்வியியல் எல்லாம் தனி நிறுவனங்களாகப் பிரிந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெக்டர், எல்லோருக்கும் மேலே அமைச்சகம். ரெக்டர்கள் பெருகினார்கள், பதவியின் எடை குறைந்தது.

1996 டிசம்பர் போராட்டத்துக்குப் பின் இளநிலை மாணவர்கள் புறநகர் வளாகங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பட்டதாரி அல்லாத மாணவர்களே இல்லாத பல்கலைக்கழகத்துக்குத்தான் பல ஆண்டுகள் ரெக்டர்கள் தலைமை வகித்தார்கள். 2013 டிசம்பரில் இளநிலை வகுப்புகள் திரும்பின. 2021 பிப்ரவரி இராணுவப் புரட்சியை எதிர்த்துப் பணிக்கு வராத ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் நாடெங்கும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.