எங்கே தூக்கிட்டுப் போறது?

"நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி ஊசி போடுவாங்க" என்று சின்ன வயசில் எங்களை மிரட்டுவார்கள். அந்த ஊசியின் வரலாற்றைத் தேடினால், ஆரம்பத்தில் ஓர் அம்மா நிற்கிறார்.

1885 ஜூலை 4. அப்போது ஜெர்மனி வசமிருந்த அல்சாஸில், ஜோசஃப் மைஸ்டர் என்ற 9 வயசுப் பையனை வெறிநாய் குதறிவிட்டது. உள்ளூர் டாக்டரால் காயத்தை கார்பாலிக் அமிலத்தால் சுடத்தான் முடிந்தது. அம்மா எல்லை தாண்டி, 6ஆம் தேதி பாரிஸில் லூயி பாஸ்டர் முன் பையனை நிறுத்தினார். பாஸ்டர் டாக்டரே இல்லை, வேதியியலாளர். நாய்களிடம் சோதித்த மருந்துதான் கையில் இருந்தது. வேறு டாக்டரை வைத்து 13 ஊசி போட்டார்கள். பையன் பிழைத்துக்கொண்டான்.

நம்ம பக்கம் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. கடிபட்ட பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜனங்கள் மலையேறினார்கள்.

இன்று அரசு ஆஸ்பத்திரியிலேயே ஊசி இருக்கிறது. போடுவதும் தொப்புளைச் சுற்றி அல்ல, கையில்தான். ஆனாலும் மந்திரிக்கப் போய் நாளைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நோய் முற்றி அறிகுறி தெரிந்தபின் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. காயத்தை சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அடுத்து நேரே ஆஸ்பத்திரி.