பீடிகை: ஐந்து நிமிடத்தின் வரலாறு



அண்மையில் நடைபெற்ற பெற்றோர் சந்திப்பில் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தையார் தயங்கித் தயங்கி என்னிடம் ஒன்று கேட்டார். "டீச்சர், வகுப்புல கை தட்டுறது, குதிக்கிறதுன்னே பையன் சொல்லிக்கிட்டிருக்கான். பாடம் எப்பத் தொடங்குவீங்க?" அவருடைய கவலையில் நியாயம் உண்டு. 30 நிமிடப் பாடவேளையில் 5 நிமிடம் என்பது ஆறில் ஒரு பங்கு. "அதுவும் பாடந்தான் ஐயா" என்றேன். அவர் நிறைவடைந்ததாகத் தெரியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நாட்பாடத்திட்டத்தில் இந்த ஐந்து நிமிடத்தைப் 'பீடிகை' என எழுதுகிறோம். மலாயில் 'செட் இன்டக்சி' என்பர். செருமானிய அறிஞர் எர்பார்ட் (1776–1841), புதிய கருத்து ஒன்று பிள்ளையின் மனத்தில் முன்பே இருப்பவற்றோடு இணைந்தால்தான் நிலைக்கும் என்றார். அவர் வழிவந்த சில்லர், இரைன் ஆகியோர் பாடத்தை ஐந்து படிகளாக வகுத்தபோது, முதற்படி 'ஆயத்தம்' ஆயிற்று. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நுண்கற்பித்தல் பயிற்சி உருவானது. பாடத்தைத் தொடங்குவதும் தனியே பழகவேண்டிய ஒரு திறன் என்று அங்கே கொள்ளப்பட்டது. பயிற்சிக் கல்லூரியில் நாம் மனனம் செய்தது இதைத்தான்.

ஆயினும் இவற்றில் விளையாட்டு எங்கே? அது வேறு வழியாக வந்தது. பிரீட்ரிக் புரோபெல் 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் தொடங்கிய நிலையத்திற்கு 1840இல் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். 1844இல் தாயும் சேயும் விரல்களைக் கொண்டு ஆடும் விளையாட்டுகளையும் பாட்டுகளையும் நூலாக்கினார். பிரசிய அரசு 1851இல் இத்தகைய பள்ளிகளுக்குத் தடை விதித்தது. அத்தடை நீங்குவதற்கு முன்பே, 1852இல், அவர் மறைந்துவிட்டார். நம் பாட்டிமார் புரோபெலை அறியமாட்டார்கள். பேரப்பிள்ளையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலாக ஊட்டிவிட்டது அதே வேலைதான்.

அப்படியென்றால் நம் பழைய பள்ளிகள் எவ்வாறு நாளைத் தொடங்கின? சென்னை ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் மாகாணத்துப் பள்ளிகளைப் பற்றி விவரம் கேட்டார். பல்லாரி ஆட்சியர் கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் ஒரு காலைக் காட்சி உள்ளது. விடியலில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழியம். புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதன்பின் ஆளுக்கு ஓர் அடி கூடிக்கொண்டே போகும். முப்பதாவதாக வரும் பிள்ளைக்குக் கணக்குப்படி 28 அடி! பல்லாரி தமிழ்ப்பகுதி அன்றுதான். எனினும் பிரம்புக்கு மொழி வேறுபாடு இருந்ததாக நான் எண்ணவில்லை. இதுவும் ஒருவகைப் பீடிகையே. பிள்ளையின் மனத்தை அச்சத்தால் ஆயத்தம் செய்தது. அதே அறிக்கை, பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகியதையும் சொல்கிறது. இந்த மணல் எழுத்தைத்தான் ஆண்ட்ரூ பெல் சென்னையில் கண்டு, எழும்பூரில் தாம் நடத்திய பள்ளியில் புகுத்தி, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். நாம் இன்று தட்டில் மணல் பரப்பிச் செய்யும் 'புதுமை' நடவடிக்கைக்கு இத்தனை வயதாகிறது.

மலாயாவின் தோட்டப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்திய நிலை பரவலாக இருந்தது. அங்கே எல்லாரும் ஒரே குரலில் ஆத்திசூடியும் வாய்ப்பாடும் ஒப்பிப்பதே நாளின் தொடக்கம். அதை நான் இழித்துரைக்கமாட்டேன். தோட்டப் பள்ளியில் படித்த என் தந்தையார் பதினாறாம் வாய்ப்பாட்டை உறக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால், கூட்டத்தில் வாயை மட்டும் அசைத்துத் தப்பித்த நண்பர்களைப் பற்றியும் அவரே சொல்லியிருக்கிறார்.

1983இல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த புதிய கலைத்திட்டம் வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றையும் முன்னிறுத்தி, விளையாட்டுக்கும் வகுப்பறைக் கதவைத் திறந்துவிட்டது. 2011இல் தொடங்கிய தர அடிப்படையிலான கலைத்திட்டமும் அவ்வழியைத் தொடர்ந்தது. சில ஆசிரியர்கள் பீடிகையை ஏட்டில் மட்டும் எழுதிவிட்டு நேரே பயிற்றிக்குப் போய்விடுவதும் உண்டு. நானும் செய்திருக்கிறேன்.

இனி அந்தத் தந்தையார் கேட்ட கைதட்டலுக்கு வருகிறேன். நான் 'பல்லி' என்றால் பிள்ளைகள் கை தட்டவேண்டும். 'பள்ளி' என்றால் குதிக்கவேண்டும். 'பழம்' என்றால் நாவை மடித்து ழகரத்தை நீட்டி ஒலிக்கவேண்டும். அது முடிந்ததும் இருவர் இருவராக அமர்வார்கள். ஒருவர் கண்ணை மூட, மற்றவர் அவர் உள்ளங்கையில் விரலால் ஓர் எழுத்தை எழுதுவார். கண்ணை மூடியவர் அது என்னவென்று சொல்லவேண்டும்.

அவருடைய மகன் பள்ளிக்கு வந்து மூன்று வாரம் வாய் திறக்கவே இல்லை. பெயர் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வான். நான்காம் வாரத்தில் ஒருநாள், பக்கத்துச் சிறுமி அவன் கையைப் பிடித்து எழுத, கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டே "ழ!" என்று கத்தினான். வகுப்பில் நாங்கள் கேட்ட அவனுடைய முதல் சொல் அதுதான்.