மேரி வைட்ஹவுஸும் பிரித்தானியத் தொலைக்காட்சியும்

இலண்டனிலுள்ள பி.பி.சி. தலைமையகத்தின் முன்மண்டபத்தில் இலத்தீன் மொழியில் ஒரு கல்வெட்டு உண்டு. 1931ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்வெட்டு, கலைகளின் ஆலயமாகிய இக்கட்டடத்தை முதல் ஆளுநர்கள் எல்லாம் வல்ல கடவுளுக்கு அர்ப்பணித்தனர் என்று அறிவிக்கிறது. பிலிப்பியர் 4:8இன் எதிரொலியும் அதில் தெளிவாகக் கேட்கிறது. அந்நாளில் பொது இயக்குநராயிருந்த ஜான் ரீத், ஸ்காட்லாந்து நாட்டுக் குருவானவர் ஒருவரின் மகன். மக்கள் விரும்புவதைக் கொடுப்பதன்று, அவர்களை உயர்த்துவதே ஒலிபரப்பின் பணி என்பது அவர் கொள்கை. அதில் பிரசங்க பீடத்தின் தோரணை சற்று மிகுதி என்பதை மறுக்க இயலாது. ஆயினும் 1964இல் எழுந்த போராட்டத்தை விளங்கிக்கொள்ள இக்கல்வெட்டிலிருந்தே தொடங்கவேண்டும். அன்று எழுந்தவர்கள் தாம் புதிதாக எதையும் கேட்பதாகக் கருதவில்லை. கொடுத்த வாக்கை நினைவூட்டுவதாகவே கருதினர்.

1960இல் ஹியூ கிரீன் பொது இயக்குநரானார். சமுதாயம் பேச அஞ்சியவற்றைத் தொலைக்காட்சி பேசவேண்டும் என்பது அவர் எண்ணம். அரசியல்வாதிகளையும் திருச்சபையையும் எள்ளி நகையாடும் நிகழ்ச்சிகள் 1962 முதல் வந்தன. துணிவுமிக்க புதன்கிழமை நாடகங்கள் 1964இல் தொடங்கின. திருச்சபைக்குள்ளும் காற்று மாறியிருந்தது. பேராயர் ஜான் ராபின்சன் 1960இல் 'லேடி சாட்டர்லியின் காதலன்' வழக்கில் நூலுக்குச் சார்பாகச் சாட்சி கூறினார். 1963இல் வெளிவந்த அவருடைய 'கடவுளுக்கு உண்மையாக' என்னும் நூலை இறையியல் மாணவர் அறிவர். ஆகவே எதிர்ப்புக் குரல் பேராயர்களிடமிருந்து எழவில்லை. பள்ளி ஆசிரியை ஒருவரிடமிருந்து எழுந்தது.

மேரி வைட்ஹவுஸ் 1910இல் பிறந்தவர். ஷ்ராப்ஷயரில் மேட்லி என்னும் ஊரின் பள்ளியில் மூத்த ஆசிரியையாக இருந்து, ஓவியம் கற்பித்ததோடு மாணவியருக்குப் பாலியல் அறிவு புகட்டும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். 1963இல் பி.பி.சி.யின் சமய உரையாடல் நிகழ்ச்சியொன்று திருமணத்திற்கு முன்னான உறவைப்பற்றி விவாதித்தது. அதைக் கண்ட மாணவியர், நிச்சயம் செய்யப்பட்டவரோடாயின் அது தவறன்று என்று கற்றுக்கொண்டதாகத் தம்மிடம் வந்து கூறினர் என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். அவரை முதலில் அசைத்தது இழிந்த நாடகமொன்றன்று, சமய நிகழ்ச்சியே என்பதை அவருடைய எதிரிகளும் ஆதரவாளர்களும் ஒருங்கே மறந்துவிடுகின்றனர்.

அடுத்த ஆண்டு, குருவானவர் ஒருவரின் மனைவியாகிய நோரா பக்லண்டுடன் இணைந்து, பிரித்தானியப் பெண்களின் பெயரால் அறிக்கை ஒன்றை வெளியிட்டார். 1964 மே 5ஆம் நாள் பர்மிங்காம் நகர மன்றத்தில் கூடிய கூட்டத்திற்கு 2,000 பேருக்கு மேல் வந்தனர். பெரும்பாலோர் பேருந்துகளில் வந்திறங்கிய பெண்கள். அவர்களுள் பலர் அன்னையர். 1965இல் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் பாராளுமன்றத்திற்குச் சென்றது. அவ்வாண்டே நேயர்களின் தேசியச் சங்கமும் தோன்றியது.

கிரீன் அவரைச் சந்திக்க மறுத்தார். அம்மையாரை ஆடையற்றவராகவும் ஐந்து மார்பகங்கள் உடையவராகவும் தீட்டிய கேலி ஓவியமொன்றை அவர் விலைகொடுத்து வாங்கினார் என்பது நன்கறியப்பட்ட செய்தி. பொதுமக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தால் நடைபெறும் நிறுவனத்தின் தலைவர், அக்கட்டணம் செலுத்துவோரில் ஒருவருக்குச் செவிகொடாமல் அவருடைய கேலிச்சித்திரத்தை வாங்கியது பெருந்தன்மையன்று. நம் கருத்தில், அம்மையாரின் வலிமை இங்குதான் இருந்தது. 'இவர்கள் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறார்கள்?' என்னும் அவருடைய வினா நியாயமானது. அதற்கு விடை மெல்லமெல்லவே வந்தது. 1977இல் அன்னன் குழு முறையீட்டு ஆணையம் ஒன்றைப் பரிந்துரைத்தது. 1981இல் அது அமைந்தது. 1988இல் ஒலிபரப்புத் தரக் கழகமும் ஏற்பட்டது.

வன்முறையைக் குறித்தும் அவர் ஓயவில்லை. 1976இல் 'டாக்டர் ஹூ' தொடரின் ஒரு பகுதி, கதைத்தலைவனின் தலை நீருக்குள் அழுத்தப்பட்ட நிலையில் முடிந்தது. அடுத்த வாரம் வரையில் சிறுபிள்ளைகளின் மனத்தில் அக்காட்சி அப்படியே உறைந்து நிற்கும் என்று அவர் முறையிட்டார். பி.பி.சி. வருத்தம் தெரிவித்து, மூலப்பதிவிலிருந்தே அக்காட்சியை நீக்கியது. இரண்டாண்டுகளுக்குப்பின் வில்லியம் பெல்சன், இலண்டன் சிறுவர் 1,565 பேரை ஆராய்ந்து, தொலைக்காட்சி வன்முறைக்கும் கடுமையான நடத்தைக்கும் தொடர்பு உண்டு என்றார். தொடர்பு உண்டென்பது காரணம் இதுவே என்பதாகுமா என்று அறிஞர் இன்றளவும் வாதிடுகின்றனர். பிள்ளைகளை அறிந்த ஆசிரியையின் பார்வை புள்ளிவிவரத்திற்காகக் காத்திருக்கவில்லை. அதை நாம் குறைகூறுவதற்கில்லை.

குறை வேறிடத்தில் உண்டு. 1965 நவம்பரில் ஒளிபரப்பான 'அப் த ஜங்ஷன்' நாடகம், இலண்டனின் தொழிலாளர் குடும்பப் பெண்ணொருத்தி கள்ளத்தனமான கருக்கலைப்பில் படும் வேதனையைக் காட்டியது. ஒழுங்கற்ற உறவை இயல்பானதாக அது காட்டுகிறது என்று அம்மையார் கண்டித்தார். அவ்வேதனை உண்மையிலேயே நாட்டில் இருந்தது. இரண்டாண்டுகளில் பாராளுமன்றமே அதைக் குறித்துச் சட்டமியற்ற நேர்ந்தது. எது காட்டப்படுகிறது என்று நோக்கிய கண், எதற்காகக் காட்டப்படுகிறது என்று நோக்கத் தவறிற்று. ஆமோசும் எசேக்கியேலும் தம் மக்கள்முன் வைத்த காட்சிகள் எல்லாம் இந்த அளவுகோலால் தேறுமா என்பது ஐயமே.

பின்னர் அவர் நீதிமன்றத்தை நாடினார். சிலுவையினின்று இறக்கப்பட்ட கிறிஸ்துவின் உடலைப்பற்றி ஓரினச்சேர்க்கைக் கற்பனையோடு எழுதப்பட்ட கவிதை ஒன்றை வெளியிட்டதற்காக, 'கே நியூஸ்' இதழும் அதன் ஆசிரியர் டெனிஸ் லெமனும் 1977இல் தெய்வநிந்தைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றனர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக்கிடந்த சட்டம் அது. கிறிஸ்தவத்தை மட்டுமே காத்த சட்டம். சல்மான் ருஷ்டியின் நூலுக்கு எதிராக இசுலாமியர் அதே பாதுகாப்பைக் கோரியபோது நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2008இல் அக்குற்றமே சட்டத்தினின்று நீக்கப்பட்டது. பிலாத்துவின் நீதிமன்றத்தில் தம்மைக் காத்துக்கொள்ளாதவருக்காக வழக்குரைஞரை அமர்த்தும் இம்முறை, இதை எழுதுபவனுக்கு என்றும் உடன்பாடானதன்று.

அதே 1977இல் நிகழ்ந்த மற்றொரு செய்தியை நாம் அதிகமாய்ச் சிந்திக்கவேண்டும். குடும்பத்தார் கூடியிருந்து காணத்தக்க தூய பொழுதுபோக்கிற்காக, நேயர் சங்கம் ஜிம்மி சாவிலின் நிகழ்ச்சிக்கு விருது வழங்கியது. சிறுபிள்ளைகள் கடிதம் எழுத, அவர்களுடைய ஆசைகளை நிறைவேற்றிவைக்கும் நிகழ்ச்சி அது, திரையில் அப்பழுக்கற்றது. சாவில் 2011இல் மறைந்தார். அவர் பல்லாண்டுகளாகச் சிறாரையும் இளம்பெண்களையும் சீரழித்தவர் என்பது அடுத்த ஆண்டு வெளிவந்தது. பி.பி.சி.யோடு தொடர்புடைய அவருடைய குற்றங்களுக்கு 72 பேர் இரையாயினர் என்று 2016இல் ஜேனட் ஸ்மித் அறிக்கை கண்டது. காட்சிகளை எண்ணியவர்கள் அறியவில்லை. நிறுவனத்திற்குள் வதந்தியாகக் கேட்டவர்கள் பலர் வாய்திறக்கவில்லை. அம்மையார் 2001இல் காலமானதால் இதை அறியாமலே சென்றார். அவரை மட்டும் குற்றப்படுத்துவது எளிது, ஆனால் முறையன்று, நாடே ஏமாந்திருந்தது.

திருச்சபையும் விலகி நின்று பேச இயலாது. 1940கள் முதல் 2018 வரையில், இங்கிலாந்துத் திருச்சபையின் குருமாரும் அதில் பொறுப்பு வகித்தோருமாக 390 பேர் சிறாருக்கெதிரான பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர் என்று அந்நாட்டு விசாரணைக் குழு 2020இல் வெளியிட்டது. தொலைக்காட்சியின் தூய்மைக்காகக் கையொப்பம் சேகரிக்கப்பட்ட ஆண்டுகளும் இக்கணக்கிற்குள் அடங்கும்.

இவ்வியக்கம் தோன்றிய இடத்தை இங்கு மீண்டும் நினைக்கலாம். மேட்லியில் மாணவியர் தாம் கண்டதைத் தம் ஆசிரியையிடம் அஞ்சாமல் வந்து சொன்னார்கள். அவர் கேட்டார், நம்பினார், எழுந்தார். சாவிலைப்பற்றி அன்றே முறையிட்டவர்களும் சிலர் இருந்தனர் என்கிறது ஸ்மித் அறிக்கை. அவர்கள் சொன்னது மேலிடத்தை எட்டவில்லை.