சோகை ஆய்விலிருந்து லுகேமியா சிகிச்சை வரை: குழந்தை இரத்தப் புற்றுநோய் மருத்துவத்தில் சென்னையின் இடம்

குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை, பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948 ஜூனில் வெளியிட்ட கட்டுரையோடு தொடங்குவதாகக் கொள்வது மரபு. கடும் லுகேமியா கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தணிந்தது. பின்னர் அது திரும்பிவிட்டது. ஆனாலும் ஒரு மருந்துக்கு அந்த நோய் இப்படிப் பணிந்தது அதுவே முதல்முறை. அந்த மருந்தின் வேரோ இந்தியாவில், புற்றுநோயோடு தொடர்பில்லாத ஓர் ஆய்வில் இருக்கிறது.

1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர்களான கர்ப்பிணிகளுக்கு வரும் கொடிய சோகையை ஆராய்ந்தார். அந்த ஆய்வு அவரைக் குன்னூருக்கும் அழைத்துவந்தது. ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று 1931இல் எழுதினார். அதிலிருந்த சத்துதான் பின்னாளில் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

அதைச் செயற்கையாக உருவாக்கிய, அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். கதர் அங்கி அணிந்து அறுவைக்கூடத்துக்குச் சென்றது பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாக்க, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருள்களை லுகேமியா குழந்தைகளுக்குக் கொடுத்தபோது நோய் முடுக்கம் பெறுவதாக ஃபார்பர் கருதினார். அப்படியானால் அதற்கு எதிரான பொருள் நோயைத் தடுக்கவேண்டும் அல்லவா? அந்த எதிர்ப்பொருள்களைச் செய்து அனுப்பியது சுப்பாராவின் ஆய்வகம். அங்கே உருவான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் இந்நோய்க்கு மாத்திரையாகவும் முதுகுத்தண்டில் போடும் ஊசியாகவும் பயன்படுகிறது. 1948 ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் மறைந்தார்.

புறக்கணிக்கப்பட்ட மேதையின் கதையாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் இன்னொரு கேள்வி விடுபட்டுப்போகிறது: சென்னையில் படித்தவர் தந்த மருந்து, சென்னைக் குழந்தைகளைக் காப்பாற்ற ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று?

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மறு ஆண்டு மருத்துவர் வி. சாந்தா சேர்ந்தார். நாட்டிலேயே முதலாவதான குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவு 1960இல் அங்கே உருவானது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் அதே பத்தாண்டில் உலகப் பயன்பாட்டுக்கு வந்தது. நம் தென்மாவட்டங்களில் ஏற்றுமதிக்காகப் பயிரிடப்படும் செடி அது. 1970களின் முடிவில் மேலைநாடுகளில் லுகேமியாவிலிருந்து பிழைக்கும் குழந்தைகள் 60 விழுக்காட்டை நெருங்க, இங்கே நிலைமை மோசமாகவே இருந்தது. குழந்தைகள் நோய் முற்றிய பிறகே வந்தார்கள். மருந்தால் வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் தொற்று பலரைக் கொண்டுபோனது. முதல் மாதத்தில் பிள்ளை தேறிவிட்டால், குணமாகிவிட்டதென்று நம்பிச் சிகிச்சையைக் கைவிட்ட குடும்பங்களும் உண்டு.

இதற்கு விடையாக அமெரிக்காவில் பணியாற்றிய புற்றுநோய் ஆய்வாளர் இயன் மக்ராத்தின் ஒத்துழைப்போடு, அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் 1980களில் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. இருபதாண்டு அனுபவத்தைத் தொகுத்த 2005ஆம் ஆண்டுக் கட்டுரை, 25 வயதுக்குட்பட்ட 1048 பேரின் தரவுகளை ஆராய்ந்தது. சிகிச்சையின் பக்கவிளைவால் நேரும் இறப்புகள் காலப்போக்கில் குறைந்ததையும், பிழைப்போர் கூடியதையும் அது காட்டியது. இதில் புதிய மருந்து ஒன்றுகூட இல்லை. தொற்றை முன்கூட்டியே கண்டு அடக்கப் பழகிய வார்டுகளும், ஒரே முறையில் எழுதப்பட்ட பதிவேடுகளும்தாம் இங்கே வேலை செய்தன. சாந்தா தலைமுறையின் முதன்மைக் கண்டுபிடிப்பாக இதையே நான் கருதுகிறேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986இல் தலசீமியா என்ற இரத்தநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றத்தைத் தொடங்கியதையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சிகிச்சை பாதியில் நிற்பது ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூர், சென்னைக்கும் வேலூருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் இருக்கிறது. அறிஞர் அண்ணா மறைந்த 1969இல் தோன்றிய காரைப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனையும் தொலைவில் இல்லை. தொலைவு இங்கே தடையல்ல. லுகேமியா சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீள்வதுதான் தடை. ஒரகடம் வரையிலான தொழிற்பேட்டைகளில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவருக்கு, ஒவ்வொரு ஊசி நாளும் ஒருநாள் சம்பள இழப்பு. வேலை முடிந்து ஒடிசாவுக்கோ பீகாருக்கோ திரும்பும் குடும்பத்தோடு சிகிச்சையும் பாதியில் ஊர் போகிறது. அப்படி ஊர் திரும்பும் தாயின் கைப்பையில், எந்த வாரத்து மருந்து வரை முடிந்தது என்ற தெளிவான குறிப்பும், அடுத்த ஊசியைப் போட ஒப்புக்கொண்ட சொந்த மாநில மருத்துவமனையின் பெயரும் இருக்கவேண்டும்.